பாசி உடுத்திய பூதம்

தம்பி,

பழைய பேய்ச் சிரிப்புப் படங்களில் பூதத்தைப் பார்த்தால் பயமே வரவில்லை, எல்லாம் ஒட்டுவேலை என்று கேலியாக எழுதியிருந்தாய். தாராளமாகச் சிரி. ஆனால் மேக்கப் தொழிலுக்கு வந்தவன், சிரித்து முடித்ததும் படத்தைப் பின்னால் ஓட்டி, எதை எதன்மேல் ஒட்டினார்கள் என்று பார்க்க வேண்டும்.

ரோஜர் கோர்மன் இயக்கி 1961இல் வெளிவந்த ‘கிரியேச்சர் ஃப்ரம் தி ஹாண்டட் சீ’யை எடுத்துக்கொள். கடல் பூதத்தைச் செய்தவர் அதில் நடித்த பீச் டிக்கர்சன். முக்குளிப்பவர் போடும் ரப்பர் உடுப்பு, மேலே பாசி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், கண்ணுக்கு டென்னிஸ் பந்து, கருவிழிக்குப் பிங்பாங் பந்து. 1931இல் மேக்கப்காரர் ஜாக் பியர்ஸ் பஞ்சையும் கொலோடியன் பசையையும் அடுக்கி, நடிகரை மணிக்கணக்கில் உட்காரவைத்து ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தின் முகத்தைக் கட்டினார். அந்த வசதி இவர்களுக்கு ஏது?

கதையைக் கவனி. படகில் ஒரு ரவுடி, இல்லாத பூதத்தின்மேல் பழி போட்டுக் கொலை செய்கிறான். பிறகு நிஜப் பூதமே வந்துவிடுகிறது. அந்த நிஜம், அவன் சொன்ன பொய்யைவிடப் போலியாக நிற்கிறது! கடைசியில் புதையல் பெட்டிமேல் உட்கார்ந்து சாவகாசமாகப் பல் குத்துகிறது. தத்ரூபமான முகமூடி போட்டிருந்தால் அந்த இடம் படுத்திருக்கும். தனியாகப் பார்த்தால் மட்டமான வேலைதான்; அந்தப் படத்துக்கு அதுதான் சரி.

பால் பிளைஸ்டெல் வேறு ரகம். 1957இல் வந்த ‘இன்வேஷன் ஆஃப் தி சாசர் மென்’னில் அவர் செய்த வேற்றுக்கிரகவாசிகளுக்கு நரம்பு புடைத்த பெரிய மண்டை. எல்லோரும் அதையே பேசுவார்கள். நீ கையைப் பார். புறங்கையில் ஒரு கண், நகத்தில் ஊசி, அந்த ஊசி மனித உடம்பில் சாராயத்தை ஏற்றுகிறது. பறக்கும் தட்டைப் பார்த்தேன் என்று சொல்பவனை, குடித்துவிட்டு உளறுகிறான் என்று தள்ளிவிட இது போதுமே! துண்டிக்கப்பட்ட கை தனியாக ஊர்ந்து வரும்போது சிரிப்பும் வருகிறது, முதுகும் சில்லிடுகிறது. கதையின் பாதியை மேக்கப்காரர் அந்தக் கையிலேயே வைத்துவிட்டார்.

இரண்டையும் மறுபடி பார். இரண்டாவதைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, அந்தக் கையைப் பென்சிலால் வரைந்து அனுப்பு. விரல்களை எப்படி அசைத்திருப்பார்கள் என்று உன் ஊகத்தையும் ஓரத்தில் எழுது.