சூளையின் வெப்பமும் தடையின் அளவும்

கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரோடு பீங்கான் தொழிலாலும் அறியப்படும் ஊர். மின்காப்பிகளுக்குரிய பீங்கான் ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியசிலோ அதற்கு மேலோ சுடப்படும். வெப்பம் குறைந்தால் பீங்கான் ஈரத்தை உறிஞ்சிக் காப்புத்திறனை இழக்கும். மிகுந்தால் உருவம் வளையும். எனவே, சூளையின் வெப்பநிலையைப் பிழையின்றி அறிதல் வேண்டும்.

சூளையினுள் நுழைக்கப்படும் கே வகை வெப்ப மின்னிரட்டை 1200 டிகிரியிலும் 49 மில்லிவோல்ட் அளவே தரும்; டிகிரி ஒன்றுக்குச் சராசரியாக 41 மைக்ரோவோல்ட். இச்சிறு மின்னழுத்தத்தைச் செயல்பாட்டுப் பெருக்கியின் கூட்டல் குறியிட்ட முனையில் அளிக்கிறோம். வெளியீட்டிலிருந்து கழித்தல் முனைக்கு 100 கிலோ ஓம் தடையையும், அம்முனையிலிருந்து புவி இணைப்பிற்கு 1 கிலோ ஓம் தடையையும் இணைத்தால், இரண்டின் விகிதத்தோடு ஒன்றைக் கூட்ட 101 மடங்கு பெருக்கம் கிடைக்கும். வெளியீடு ஏறத்தாழ 4.9 வோல்ட்.

விகிதமே போதுமெனில் 100 ஓமும் 1 ஓமும் ஆகாவோ? ஆகா. அவற்றின் வழியே 49 மில்லி ஆம்பியர் பாய வேண்டும். 1968இல் வெளிவந்த 741 பெருக்கியால் 25 மில்லி ஆம்பியர் அளவே தர இயலும். மறுபுறம், 100 மெகா ஓமும் 1 மெகா ஓமும் கொள்வோம். பெருக்கியின் முனைகள் தாமும் 80 நானோ ஆம்பியர் அளவு மின்னோட்டத்தை நாடுவன. அது 100 மெகா ஓமில் 8 வோல்ட் பிழையை உண்டாக்கும்; அளக்கவேண்டிய குறிப்பையே விஞ்சிய பிழை! 100 கிலோ ஓமில் அப்பிழை 8 மில்லிவோல்ட். அதாவது, இரண்டு டிகிரி. நுண்ணளவீட்டிற்கு 741 சிறந்ததன்று. எனினும் அதன் குறைகள் வெளிப்படையானவை ஆதலால் கற்போர்க்கு ஏற்றது.

பொன்னிற வளையமுள்ள தடைகள் 5 விழுக்காடு வரை மாறுபடலாம். ஒன்று கூடி மற்றொன்று குறையின் பெருக்கம் ஏறக்குறைய 10 விழுக்காடு பிறழும். 1200 டிகிரியில் அது 120 டிகிரி. ஒரு விழுக்காட்டுத் தடைகளே இங்குத் தக்கவை.

மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைத் தணிக்க, 100 கிலோ ஓம் தடைக்கு இணையாக 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியைச் சேர்க்கலாம். இரைச்சலின் பெருக்கம் முப்பதில் ஒரு பங்காகக் குறையும். மெல்ல மாறும் சூளை வெப்பத்திற்கு இடரில்லை. மின்பகு மின்தேக்கி கசிவுடையது. அக்கசிவு தடையோடு சேர்ந்து பெருக்கத்தை மாற்றும். பேரியம் டைட்டனேட்டாலான பீங்கான் மின்தேக்கியின் மதிப்பு வெப்பத்தாலும் மின்னழுத்தத்தாலும் மாறும். அலையியற்றியில் அது பெருங்குறை; இங்கோ இரைச்சல் சற்றே கூடக்குறையத் தணியும், அவ்வளவே. ஆயினும், சூளையருகே வைக்கும் கருவிக்குப் பாலியெஸ்டர் மின்தேக்கியே நிலையானது.