நம்பிக்கைகளும் உண்மைகளும்: குடும்பச் சுற்றுலாவில் வாடகைச் சக்கர நாற்காலி

சென்னையைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் நுழைந்ததும் முட்டுக்காட்டு எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு, தட்சிணசித்ரா, வடநெம்மேலி முதலைப் பண்ணை, மாமல்லபுரத்துச் சிற்பங்கள் என்று ஒரு நாளில் அடங்காத அளவுக்குக் குடும்பச் சுற்றுலா இடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காவும் இப்போது இந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. வண்டி நிறுத்தும் இடத்தில் தொடங்கி மாலை வரை நடப்பதும் நிற்பதுமாகவே பொழுது கழியும் இவ்விடங்களுக்கு முழங்கால் தேய்ந்த பாட்டியையோ அறுவை சிகிச்சை முடிந்து தேறிவரும் தந்தையையோ அழைத்துச் செல்ல, மருத்துவ உபகரணக் கடைகளில் முன்பணம் கட்டிச் சக்கர நாற்காலியை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் வழி இருக்கிறது. ஆயினும் பல குடும்பங்கள் அதை நாடுவதில்லை. வாடகைத் தொகை இதற்குப் பெரிய தடையாக இருப்பதில்லை; அந்த நாற்காலியைப் பற்றி மனத்தில் ஊறிப்போன எண்ணங்களே தடையாக நிற்கின்றன.

“நடக்கவே முடியாதவருக்குத்தான் சக்கர நாற்காலி”

இவற்றுள் மிகப் பரவலானதும் மிகுந்த தீங்கு செய்வதும் இந்த எண்ணமே. சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோரில் பலர் எழுந்து நிற்கவும் சிறிது தூரம் நடக்கவும் வல்லவர்கள். நெடுநேரம் நடப்பதற்கும் நிற்பதற்கும் மட்டுமே அவர்களின் உடல் இடம் கொடுப்பதில்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இதயம் இறைக்க இயலாத இதயச் செயலிழப்பு நோயாளிகள், மூச்சுக்குழாய்கள் நிலையாகச் சுருங்கிப்போன நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் ஆகியோர் இவ்வகையினர். முதுகெலும்புக் கால்வாய்ச் சுருக்கம் என்னும் நிலையை இதற்குத் தெளிவான சான்றாகக் கூறலாம். முதுகெலும்பினுள் நரம்புகள் செல்லும் வழி வயது காரணமாகக் குறுகும்போது, சிறிது தூரம் நடந்ததுமே கால்கள் கனத்து, மரத்து, வலியெடுக்கின்றன. உட்கார்ந்து சற்று முன்னே குனிந்தால் சில நிமிடங்களில் வலி தணிகிறது. இத்தகையவர் வீட்டுக்குள் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடமாடுகையில் எந்தக் குறையும் வெளியே தெரியாது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலிலிருந்து ஐந்து ரதங்களுக்கு உள்ள ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவோ அவரால் கடக்க இயலாததாகிவிடுகிறது. அவருக்கு நாற்காலி ஒரு நாளைக்குரிய வலுவைச் சிக்கனமாகச் செலவிட உதவும் கருவி. நடக்கத் தோன்றும் இடத்தில் நடந்து, களைப்புத் தட்டியதும் அவர் உட்கார்ந்துகொள்ளலாம். நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து நான்கு அடி நடப்பதைக் கண்டு “இதுவரை நடித்தாரா?” என்று வியப்பவர்கள் இந்த அடிப்படையை அறியாதவர்கள்.

“ஒருமுறை உட்கார்ந்து பழகிவிட்டால் பிறகு நடையே போய்விடும்” என்பது இதன் கிளை நம்பிக்கை. முதியவர் பல நாட்கள் தொடர்ந்து படுக்கையில் கிடந்தால் கால் தசை விரைவாகக் கரையும் என்பது மருத்துவம் உறுதிசெய்த உண்மை; ஆனால் அந்த உண்மையை ஒரு நாள் சுற்றுலாவின்மீது ஏற்றிப் பார்ப்பது பொருந்தாது. வலிக்கு அஞ்சி வெளியே செல்வதையே நிறுத்திவிடுவதுதான் தசையை மெலியச் செய்கிறது. “நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்” என்று ஒரு மூதாட்டி கூற, மகனும் மருமகளும் பேரக்குழந்தைகளும் அதை அவருடைய விருப்பமாகவே எடுத்துக்கொண்டு உள்ளே செல்வது இக்கடற்கரையில் சாதாரணமாக நிகழ்கிறது. அது பெரும்பாலும் விருப்பம் அன்று. பிறருக்குப் பாரமாகிவிடக் கூடாது என்ற தயக்கமே விருப்பத்தின் சொற்களில் வெளிப்படுகிறது. நாற்காலியில் உட்காருவதை நோயின் அடையாளமாகவும் அபசகுனமாகவும் கருதும் மனப்போக்கு இந்தத் தயக்கத்தை மேலும் கெட்டிப்படுத்துகிறது. ஆகவே, வாடகைக்கு எடுப்பதற்கு முன்பே, உட்காரப்போகிறவரிடம் வெளிப்படையாகப் பேசி, எங்கே உட்கார்வது, எங்கே நடப்பது என்பதை அவரே முடிவுசெய்ய விடுவதுதான் முறை.

“எல்லா நாற்காலியும் ஒன்றுதான்”

மடக்கக்கூடிய எஃகுக் குழாய் நாற்காலியை 1930களில் அமெரிக்காவில் உருவாக்கியவர்கள் ஹெர்பர்ட் எவரெஸ்ட், ஹாரி ஜென்னிங்ஸ் என்ற இருவர். சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த எவரெஸ்ட் காரில் ஏற்றிச் செல்லத்தக்க நாற்காலியை வேண்டியதே அதன் தோற்றத்துக்குக் காரணம். இன்று வாடகைக் கடைகளில் கிடைப்பவற்றுள் மிகுதியானவை அந்த அமைப்பின் வழிவந்தவையே. பின் சக்கரம் ஏறத்தாழ 24 அங்குலம் இருந்தால் உட்கார்ந்திருப்பவர் தாமே உருட்டிச் செல்லலாம். நான்கும் சிறு சக்கரங்களாக இருந்தால் பிறர் தள்ளித்தான் ஆகவேண்டும். பின்னது எடை குறைந்தது, காரில் எளிதாக அடங்குவது. ஆயினும் பள்ளம் மேடான தரையில் பெரிய சக்கரமே எளிதாக ஏறி இறங்கும். இருக்கையின் அகலம் உட்காருபவரின் இடுப்பளவைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். மிகுதியாக இருந்தால் உடல் ஒருபக்கம் சரிந்து முதுகு வலிக்கும். கால் தாங்கியின் உயரத்தைக் கடையிலேயே சரிசெய்து பார்க்க வேண்டும். பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குப் பெரியவர்களுக்கான வாடகை நாற்காலி ஒருபோதும் பொருந்தாது. உடலை இருபுறமும் தாங்கும் அமைப்பு அதில் இல்லாததால், குழந்தையின் சொந்த நாற்காலியை எடுத்துச் செல்வதே தக்கது. வாடகைக் காரில் பயணம் செய்வோர், பின்பெட்டியில் சி.என்.ஜி. சிலிண்டர் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுதல் நலம். சிலிண்டர் இருக்கும் பெட்டியில் மடக்கிய நாற்காலிக்குப் பெரும்பாலும் இடம் இராது.

எடை குறைந்த நாற்காலிகள் வெளிநாட்டில்தான் கிடைக்கும் என்ற எண்ணமும் பழையதாகிவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையத்திலிருந்து, பயனரின் உடலளவுக்கு ஏற்ப அமையும் நியோஃப்ளை நாற்காலியும், 2025இல் ஏறத்தாழ 9 கிலோ எடையுள்ள ஒய்.டி. ஒன் என்ற நாற்காலியும் வெளிவந்தன. இவை நாள்தோறும் நாற்காலியை நம்பி வாழ்வோருக்கானவை என்றாலும், நல்ல நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்பதை வாடகைக்கு எடுப்போரும் இவற்றைக்கொண்டு அறியலாம்.

“தள்ளுவதற்கு வலுவான ஆள் இருந்தால் போதும்”

விபத்துகள் பெரும்பாலும் வலுக்குறைவால் நேர்வதில்லை, முறை தெரியாமையால் நேர்கின்றன. கால் தாங்கித் தகட்டின்மேல் மிதித்து ஏறவோ இறங்கவோ முயன்றால் நாற்காலி முன்பக்கம் கவிழும். எனவே முதலில் இரு பக்கப் பிரேக்குகளையும் போட்டு, தகடுகளை மேலே மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றிய பிறகே எழ வேண்டும். அந்தப் பிரேக் நின்ற நாற்காலியை நிற்க வைப்பதற்கானது, ஓடும் நாற்காலியின் வேகத்தைக் குறைப்பதற்கானது அன்று. செங்குத்தான சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, தள்ளுபவர் முதுகுப்புறமாகக் கீழே இறங்கினால், அமர்ந்திருப்பவர் முன்னே சரிந்து விழமாட்டார். படியில் தூக்க நேர்ந்தால் கை தாங்கியையோ கால் தாங்கியையோ பிடிக்கக் கூடாது; கழற்றத்தக்க அப்பாகங்கள் பாதிப் படியில் கையோடு வந்துவிடும்.

அமர்ந்திருப்பவருக்குக் களைப்பே வராது என்று எண்ணுவதும் பிழை. அசையாமல் வெயிலில் இருப்பவரின் உடல் சூடேறுவதைத் தள்ளிக்கொண்டிருப்பவர் உணர்வதில்லை. முதுகுத் தண்டுவடம் மேற்பகுதியில் அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரிவரச் சுரக்காததால், இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. ஒரே இடத்தில் அழுத்தம் தொடர்ந்தால் தோலும் அதன் கீழுள்ள தசையும் இரத்தம் இன்றிப் புண்ணாகும், அழுத்தப்புண் என்பது இதுவே. இதைத் தவிர்க்க, அரை மணிக்கு ஒருமுறையேனும் உடலைச் சாய்த்தோ தூக்கியோ அமர்வை மாற்ற வேண்டும். கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சத்தால் முதியவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவதையும் வீட்டார் கவனிக்க வேண்டும். பூங்காவுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் பேசும்போது “வசதி இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்டால் “இருக்கிறது” என்ற பதிலே வரும்; கழிப்பறைக் கதவின் அகலம் 90 சென்டிமீட்டர் இருக்கிறதா, வாசலில் படி உண்டா, உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் உண்டா என்று அளவு சொல்லிக் கேட்பதே பயன் தரும்.

“நாற்காலி இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம்”

இந்த ஆசையால் நாற்காலி எடுப்போரும் உண்டு. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள் உடல்குறை உள்ளோருக்கு வழங்கிய சலுகை அட்டையைப் பலர் தவறாகப் பயன்படுத்தியதால், 2013இல் அதைக் கைவிட்டு, திரும்பி வரவேண்டிய நேரத்தைக் குறித்துக் கொடுக்கும் முறைக்கு மாறின. 2024இல் அந்த முறையும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உள்ளோருக்கே பெரிதும் உரியதாகச் சுருக்கப்பட்டது. அங்கே புதிய ரைடுகளின் வரிசைப் பாதைகளே சக்கர நாற்காலி செல்லும் அகலத்தில் அமைக்கப்பட்டிருப்பதால், நாற்காலியில் வருபவரும் மற்றவரோடு அதே வரிசையில் செல்கிறார். ரைடில் ஏறும் இடத்தில் நாற்காலியைவிட்டு அதன் இருக்கைக்கு மாறவேண்டும் என்பதும், இதய நோய், கழுத்து முதுகுப் பாதிப்பு, கர்ப்பம் ஆகியவற்றுக்கான தடைகள் நாற்காலியில் வந்தவருக்கும் பொருந்தும் என்பதும் பெரும்பாலான ரைடுகளுக்குப் பொதுவான விதிகள். எனினும் இறங்கியே ஆகவேண்டும் என்பது மாற்ற முடியாத இயற்கை விதி அன்று. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் 2010இல் திறக்கப்பட்ட மார்கன்ஸ் வொண்டர்லேண்டு பூங்காவில், சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறிச் சுற்றக்கூடிய குடை ராட்டினம் இயங்குகிறது.

“மணலிலும் கல்லிலும் நாற்காலிக்கு வழியில்லை”

இதில் பாதி உண்மை. சாதாரண நாற்காலியின் முன்புறச் சிறு சக்கரங்கள் மிகக் குறுகியவை ஆதலால், அவற்றின்மேல் விழும் எடை சிறு பரப்பில் இறங்கி மணலுக்குள் புதைகின்றன. குறுகிய மணற்பரப்பைக் கடக்க வேண்டுமானால் நாற்காலியைத் திருப்பிப் பின்புறமாக இழுப்பதே வழி. பெரிய சக்கரம் முன்னே சென்று மணலை அமுக்கிக் கொடுக்கும். ஆனால் மணலுக்குத் தீர்வு தள்ளுபவரின் தோளில் இல்லை, தரையில் இருக்கிறது. சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்ட மரப்பாதை, கடல் அலையைத் தொலைவிலிருந்து மட்டுமே கண்டுவந்தவர்களை அலையருகே கொண்டு சேர்த்தது. அடுத்த இரு வாரங்களுக்குள் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தும் சீரமைக்கப்பட்டது. மாமல்லபுரத்துக் கடற்கரைக்கும் அத்தகைய பாதை வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

உலக மரபுச் சின்னமாக 1984இல் ஏற்கப்பட்ட மாமல்லபுரத்தில், எல்லாமே எட்டாதவை என்று முடிவுகட்டுவதும் தவறு. அர்ச்சுனன் தபசு என்று அழைக்கப்படும் மாபெரும் புடைப்புச் சிற்பம் சாலையோரப் பாறையில் செதுக்கப்பட்டிருப்பதால், ஒரு படியும் ஏறாமல் நாற்காலியில் இருந்தவாறே அதன் முழு விரிவையும் காணலாம். வெண்ணெய் உருண்டைப் பாறையும் கீழிருந்தே தெரியும். மணல் சூழ்ந்த ஐந்து ரதங்களும், குன்றின்மேல் உள்ள மண்டபங்களும்தான் கடினமானவை. தட்சிணசித்ராவில் பெயர்த்துவந்து நிறுவிய பழைய வீடுகளின் திண்ணையும் நிலைப்படியும் அக்காலக் கட்டடக்கலைக்கே உரியவை. அவற்றைத் தாண்ட உடன் வருபவர் உதவ வேண்டியிருக்கும்.

தொன்மைச் சின்னத்தில் சாய்தளம் வைக்கச் சட்டம் இடம் தராது என்பதும், தனியார் பூங்காவைச் சட்டம் கட்டாயப்படுத்தாது என்பதும் அடிக்கடி சொல்லப்படுகின்றன. இரண்டும் சரியல்ல. தொல்லியல் சட்டம் கல்லைச் சிதைப்பதைத் தடுக்கிறது. ஆனால் கல்லைச் சிதைக்காமல் அதன்மேல் வைத்து, வேண்டும்போது அகற்றத்தக்க சாய்தளங்களை இந்தியத் தொல்லியல் துறையே பல இடங்களில் அமைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, “பொதுக் கட்டடம்” என்பதை வரையறுக்கும்போது, பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடங்களையும் பொழுதுபோக்குக்கான இடங்களையும் அதில் வெளிப்படையாகவே சேர்க்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக நிற்பது அச்சட்டத்துக்கு முரண் என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. சாய்தளத்தின் சரிவு 12க்கு 1 என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பது இந்திய அரசின் வழிகாட்டு நெறி. அதாவது 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படிக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். வாசலில் குறுகிய இரும்புத் தகட்டைச் செங்குத்தாகச் சாய்த்துவைத்துவிட்டுச் சாய்தளம் இருப்பதாகக் கூறும் இடங்களில், இந்த எளிய கணக்கைச் சொல்லி, மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்பதற்கு நுழைவுச்சீட்டு வாங்கிய எவருக்கும் உரிமை உண்டு.

கடற்கரையிலிருந்து திரும்பியதும், நாற்காலியைக் கடையில் ஒப்படைக்கும் முன் சக்கரங்களையும் அச்சுகளையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிட வேண்டும். உப்பும் மணலும் பேரிங்குகளில் தங்கினால், அதே நாற்காலியை அடுத்து வாடகைக்கு எடுக்கும் குடும்பத்துக்கு அது உருளாது.