குறுமரத்தின் வேரைப் பேணும் முறை

போன்சாய் என்னும் குறுமரக் கலை சீன நாட்டில் தோன்றி, ஜப்பானில் செழித்து வளர்ந்ததாகும். சிங்கப்பூரில் 1975ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜூரோங் சீனத் தோட்டத்தில், 1992ஆம் ஆண்டு சூச்சோ நகர முறையில் குறுமரத் தோட்டம் ஒன்றும் அமைக்கப்பட்டது. அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோரும் சிறு தொட்டியில் இம்மரங்களை வளர்க்க இயலும். ஆயின், கிளைகளின் அழகில் கருத்தைச் செலுத்தி வேரை மறந்தால் இளமரம் நிலைக்காது.

வேரின் பணி

பருத்த வேர்கள் மரத்தை நிலத்தில் ஊன்றி நிறுத்துகின்றன. நீரையும் சத்தையும் உறிஞ்சுவனவோ நுனியிலுள்ள மெல்லிய வேர்களே. தேக்கா முதலிய பழைய வட்டாரங்களில், சுவர்ப் பிளவுகளில் ஆலும் அரசும் முளைத்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். கைப்பிடி மண்ணும் இல்லாத இடத்தில் அவற்றை வாழவைப்பவை இந்த நுனி வேர்களே. இவ்வினம் தொட்டிக்கு ஏற்றதாக இருப்பதன் காரணமும் இதுவே.

தொட்டியில் வளரும் வேர், விளிம்பை முட்டியதும் வட்டமாகச் சுற்றத் தொடங்கும். நாளடைவில் தொட்டி முழுவதும் வேரே நிறைந்துவிடும். ஊற்றும் நீர் உட்புகாமல் வழிந்தோடும், காற்றும் நுழையாது. ஆகவே இளமரத்தின் வேரை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை நறுக்குதல் வேண்டும்.

தக்க காலம்

வசந்தத்தின் தொடக்கத்தில் வேரை நறுக்குமாறு குளிர்நாட்டு நூல்கள் கூறும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நமக்கு அது பொருந்தாது. மரம் நலமுடன் துளிர்விடும் காலமே தக்க காலம். நலிந்த மரத்தை நறுக்கலாகாது.

செய்முறை

1. நிழலான இடத்தில் மரத்தை வெளியே எடுத்து, மரக்குச்சியால் வேர்களை மெல்லக் கோதிப் பிரிக்கவும். வேர் உலராதவாறு நீர் தெளிக்கவும்.

2. நேர்கீழே இறங்கும் ஆணிவேரையும், சுற்றி வளைந்த பருத்த வேர்களையும் கூரிய, தூய கத்தரியால் நறுக்கவும். ஒரே முறையில், மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கலாகாது.

3. எஞ்சிய வேர்களை நாற்புறமும் சமமாக விரித்து, பொடி சலித்து நீக்கிய பருமணல் கலவையில் நடவும். மரம் அசைந்தால் புதிய நுனிகள் அறுபடும். எனவே கம்பியால் தொட்டியுடன் கட்டிவைக்கவும்.

4. குறைந்த வேர் நிறைந்த இலைகளுக்கு நீரூட்ட இயலாது. ஆதலால் இலைகளையும் சிறிது குறைத்து, இரண்டு மூன்று வாரங்கள் நிழலில் வைக்கவும். புதுத்துளிர் தோன்றும்வரை உரம் வேண்டா.

அண்டை வீட்டார் நலம்

தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் பெருகும். அக்கொசு முட்டையிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் முழு வளர்ச்சி அடைந்துவிடும். ஆதலின் தட்டிலுள்ள நீரை நாள்தோறும் கொட்டிவிடுங்கள். தொட்டியைச் சன்னல் விளிம்பில் வைக்காதீர்கள். பொது நடைபாதையில் வைத்தால், 1.2 மீட்டர் அகல வழி தடையின்றி இருக்கட்டும். வேருக்கு நலம் செய்யும் ஒழுங்கு, வீட்டுக்கும் அண்டை அயலாருக்கும் நலம் செய்யும்.