ஒரு பூவைக் காக்க ஒரு மலையையே காப்பது ஏன்?

மாணவர்களே, பல நாள் வெயிலுக்குப் பிறகு ஒரு பிற்பகலில் பெருமழை கொட்டி, காற்று சட்டெனக் குளிர்கிறது. அன்றிலிருந்து ஏறத்தாழ ஒன்பது நாள் கழித்து, பள்ளிக்குச் செல்லும் வழியில் உள்ள பெரிய மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைகளில் சிறு வெள்ளைப் பூக்கள் கூட்டமாக மலர்ந்திருக்கலாம். அதுதான் புறா ஆர்க்கிட். ஒரு வட்டாரத்தில் உள்ள செடிகள் எல்லாம் ஒரே நாளில் பூக்கும், மறுநாள் வாடிவிடும். பூவின் ஆயுள் ஒரே நாள் என்பதால், எல்லாச் செடிகளும் சேர்ந்து பூத்தால்தான் தேனீக்கள் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல முடியும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இயற்கையாக வளரும் இந்த ஆர்க்கிட் சாலையோர மரத்திலும் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் பெரும்பாலான காட்டு ஆர்க்கிட்டுகளால் அப்படி வாழ முடிவதில்லை. அவற்றுக்குக் காடே தேவை. ஏன் என்று பார்ப்போம்.

தூசி போன்ற விதை

உலகில் ஏறத்தாழ 28,000 வகை ஆர்க்கிட்டுகள் உள்ளன. வெப்பமண்டலக் காடுகளில் இவற்றுள் பல மரக்கிளைகளைப் பற்றி வளரும் தொற்றுத் தாவரங்கள். இவை மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணிகள் அல்ல. மரம் அவற்றுக்கு இருக்க இடம் மட்டுமே தருகிறது. நீரையும் கனிமங்களையும் மழையிலிருந்தும், கிளையில் சேரும் மட்கிலிருந்தும் அவை எடுத்துக்கொள்கின்றன.

ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. ஒரே காயில் பல இலட்சம் விதைகள் இருக்கக்கூடும். பச்சைப்பயறு முளைக்கும்போது அதன் பருப்பில் சேமித்துவைத்த உணவு இளஞ்செடிக்குப் பயன்படுகிறது. ஆர்க்கிட் விதையில் அப்படிப்பட்ட சேமிப்பு இல்லை. அதனால் காற்றில் பறந்துபோய் விழும் இடத்தில் அதற்கேற்ற பூஞ்சை இருந்தால்தான் அது முளைக்கும். பூஞ்சையின் இழைகள் விதைக்குள் புகுந்து சர்க்கரையும் பிற சத்துகளும் தருகின்றன. அந்தப் பூஞ்சை வாழ ஈரமும் நிழலும் மட்கும் தேவை. மரங்களை வெட்டிவிட்டால் வெயில் பட்டு மண்ணும் கிளைகளும் காய்ந்துவிடும். விதைகள் விழுந்துகொண்டே இருக்கும், முளைக்கத்தான் வழியிருக்காது.

ஏமாறும் ஈ

சபா மாநிலத்தின் கினபாலு மலைச்சரிவுகளில் ஓர் அரிய ஆர்க்கிட் வளர்கிறது. பூவின் ஓர் இதழ் செருப்பின் முன்பகுதிபோலப் பை வடிவில் இருப்பதால் இவ்வினத்தைச் செருப்பு ஆர்க்கிட் என்பர். இதன் பெயர் ரோத்ஸ்சைல்டு செருப்பு ஆர்க்கிட். 'கினபாலுவின் தங்கம்' என்றும் அழைப்பதுண்டு. இது முளைத்துப் பூக்கப் பதினைந்து ஆண்டுகள் வரை ஆகலாம்.

இதன் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுவது ஒருவகை மிதவை ஈ. அந்த ஈயின் புழுக்கள் அசுவினிப் பூச்சிகளைத் தின்று வளர்பவை. அதனால் தாய் ஈ, அசுவினிக் கூட்டம் உள்ள இடம் தேடி முட்டையிடும். ஆர்க்கிட் பூவின் நடுவில் உள்ள சிறு முடிகள் அசுவினிக் கூட்டம்போலத் தோற்றமளிக்கின்றன. ஏமாந்து அங்கே முட்டையிட வரும் ஈ வழுக்கிப் பைக்குள் விழுகிறது. வெளியேற ஒரு குறுகிய வழிதான் உண்டு. அவ்வழியில் முதலில் சூல்முடியும் பிறகு மகரந்தமும் இருக்கின்றன. ஆகவே ஈ முந்தைய பூவின் மகரந்தத்தை இங்கே விட்டுவிட்டு, இந்தப் பூவின் மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது.

இப்போது சற்று யோசியுங்கள். பூவில் இட்ட முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு உணவு கிடையாது. அப்படியானால், ஈ இனம் நிலைத்திருக்க அக்கம்பக்கத்தில் உண்மையான அசுவினிகள் வேண்டும். அசுவினிகள் வாழ வேறு செடிகள் வேண்டும். ஆர்க்கிட்டை மட்டும் வேலி போட்டுக் காத்துவிட்டு, சுற்றியுள்ள செடிகொடிகளை அழித்தால் ஈ போய்விடும். பிறகு விதையும் இல்லை.

சிங்கப்பூரைவிடச் சற்றுப் பெரிய பூங்கா

கினபாலு பூங்கா 1964இல் அமைக்கப்பட்டது. பரப்பளவு 754 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் நாட்டைவிடச் சற்றுப் பெரிது. இங்கே எழுநூறுக்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் பதிவாகியுள்ளன. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது.

இவ்வளவு இனங்கள் ஓரிடத்தில் இருப்பதற்கு உயரம் ஒரு காரணம். அடிவாரக் காடுகளிலிருந்து 4,095 மீட்டர் உயரச் சிகரம் வரை ஏறஏற வெப்பம் குறைகிறது, ஈரமும் மாறுகிறது. ஒவ்வோர் உயரத்திலும் வெவ்வேறு ஆர்க்கிட்டுகள் வளர்கின்றன. மண் மற்றொரு காரணம். சில சரிவுகளில் மெக்னீசியமும் நிக்கலும் மிகுந்த பாறைகள் உள்ளன. பல தாவரங்களுக்கு ஒத்துவராத அந்த மண்ணில்தான் ரோத்ஸ்சைல்டு ஆர்க்கிட் வளர்கிறது. ஆகவே, சிகரத்தை மட்டும் பாதுகாத்தால் போதாது. அடிவாரமும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு முழுமையாகும்.

எல்லைக்கோடு போதுமா?

வரைபடத்தில் போட்ட கோடு மாறவும் கூடும். மாமுட் என்னும் இடத்தில் செம்புத் தாது கிடைத்ததால், அந்த நிலம் பூங்காவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1975 முதல் 1999 வரை அங்கே சுரங்கம் இயங்கியது. செம்பு நாட்டுக்கு வருமானம் தந்தது உண்மை. ஆனால் தோண்டிய இடத்தில் பழைய காடு திரும்பவில்லை.

கோடு மாறாவிட்டாலும் திருடர்கள் வரலாம். ரோத்ஸ்சைல்டு ஆர்க்கிட் 1888இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அது எங்கே வளர்கிறது என்ற தகவல் நெடுங்காலம் குழப்பமாகவே இருந்தது. 1959இல் கினபாலுவில் அது மீண்டும் கண்டறியப்பட்டபின், விலை கருதிச் செடிகளைப் பிடுங்கிச் சென்றவர்கள் உண்டு. இன்று 'சைட்ஸ்' என்னும் அனைத்துலக உடன்படிக்கையின் முதல் இணைப்பில் இது இடம்பெற்றுள்ளது. காட்டிலிருந்து எடுத்த செடியை வணிகத்துக்காக நாடுவிட்டு நாடு கொண்டுசெல்வதை அது தடை செய்கிறது. நாற்றங்காலில் விதையிலிருந்து வளர்த்த செடிகளை உரிய அனுமதியுடன் விற்கலாம்.

காடு போனபின் என்ன ஆகும்?

விடையைச் சிங்கப்பூர் காட்டுகிறது. அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட காட்டு ஆர்க்கிட் இனங்கள் பதிவாகியிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காசுக்கட்டி, மிளகு தோட்டங்களுக்காகவும், பின்னர் நகர வளர்ச்சிக்காகவும் காடுகள் அழிந்தன. அந்த இனங்களில் பெரும்பாலானவை இன்று அங்கு இயற்கையாகக் காணப்படுவதில்லை. உலகின் மிகப் பெரிய ஆர்க்கிட்டான புலி ஆர்க்கிட்டும் காட்டிலிருந்து மறைந்தது. பூமலையில் 1861இல் நட்ட ஒரு புலி ஆர்க்கிட் மட்டும் இன்றும் வாழ்கிறது.

1995இல் தேசியப் பூங்காக் கழகம் ஆர்க்கிட் மீட்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆய்வுக்கூடத்தில் கிருமி நீக்கிய குடுவைகளில், சர்க்கரையும் கனிமங்களும் கலந்த கூழில் விதைகளை முளைக்க வைக்கிறார்கள். பூஞ்சை தரவேண்டிய உணவைக் கூழ் தருகிறது. வளர்ந்த செடிகளைப் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் உள்ள மரங்களில் கட்டுகிறார்கள். புலி ஆர்க்கிட் இப்படித்தான் திரும்பி வந்தது.

பெருமைக்குரிய பணிதான். ஆனால் மனிதர் கட்டிய செடி பூப்பது பாதி வெற்றியே. அதன் விதை தானாக விழுந்து, பூஞ்சையைச் சந்தித்து, அடுத்த தலைமுறை மனிதர் உதவியின்றி வளர்வதே முழு வெற்றி. அதற்கு மீண்டும் காடே தேவை. ஆய்வுக்கூடம் ஓர் இனத்தை அழிவிலிருந்து மீட்க உதவும். அது வாழ வேண்டிய வீட்டை அதனால் உருவாக்க இயலாது.

சிந்தித்து எழுதுங்கள்

1. ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு இல்லாதது எந்த வகையில் நன்மை? எந்த வகையில் தீமை?

2. ரோத்ஸ்சைல்டு ஆர்க்கிட், மிதவை ஈ, அசுவினி, பிற செடிகள் ஆகியவற்றின் தொடர்பை அம்புக்குறிப் படமாக வரையுங்கள். ஒன்றை நீக்கினால் மற்றவை என்னவாகும்?

3. அடுத்த பெருமழை பெய்யும் தேதியைக் குறித்துவைத்து, உங்கள் வட்டாரத்தில் புறா ஆர்க்கிட் எத்தனை நாள் கழித்துப் பூக்கிறது என்று கணக்கிடுங்கள். பார்த்து எழுதுங்கள், பறிக்க வேண்டாம்.