பட்டா இருக்கு, அப்புறம் என்ன?

‘நம்ம பேர்ல பட்டா இருக்கு, என்ன வேணும்னாலும் கட்டலாம்.’ மதுரையில் மனை வாங்கப் போகிறவர் காதில் முதலில் விழுவது இதுதான். நிலம் யாருடையது என்பதோடு பட்டாவின் வேலை முடிந்தது. அதில் என்ன வரலாம் என்பதை 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் வரும் மாஸ்டர் பிளான் சொல்லும். அங்கே விவசாய மண்டலம் என்றிருந்தால், நிலப் பயன்பாட்டை மாற்றி வாங்காமல் மனை பிரித்து விற்க முடியாது.

‘பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கே?’ மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. அங்கீகாரமில்லா மனைகளின் பத்திரப் பதிவை 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் நிறுத்தியபோதுதான் பலருக்கு இது உறைத்தது. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. நீர்நிலை நிலத்துக்கு அதிலும் இடமில்லை.

‘தண்ணியே வராத கண்மாய், இனி எதுக்கு?’ எனக்கு அதிகம் கோபம் வருவது இந்தப் பேச்சில்தான். மதுரைச் சமவெளியில் கண்மாய்கள் சங்கிலி. ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு வரத்து. ஆயக்கட்டு நிலம் வீடுகளாகிவிட்டது என்பதற்காக மேட்டு நீர் இறங்குவது நிற்காது. 2024 அக்டோபர் 25 அன்று பிற்பகல் 15 நிமிடத்தில் 4.5 செ.மீ. கொட்டியது, செல்லூர் கண்மாய் நிரம்பி, சுற்றியிருந்த தெருக்களில் வெள்ளம். பிறகு கண்மாயிலிருந்து வைகைக்கு 290 மீட்டரில் சிமென்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ‘உலகனேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளையே இருக்கே’ என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அரசு கட்டியதைக் காட்டினால் உங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடியாது.

வாய்க்கால் இருக்கிறதா என்று பார்க்கக் கலர் கொடி நட்ட மனையைச் சுற்றினால் போதாது. கிராமப் புலப்படத்தில் வளைந்து நெளிந்து போகும் மெல்லிய பட்டைக்குத் தனி சர்வே எண் இருக்கும். அ-பதிவேட்டில் அதே எண்ணுக்கு நேரே ‘வாய்க்கால்’ என்றிருந்தால், புரோக்கர் காட்டும் வரைபடத்தில் அது முப்பதடி ரோடாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

‘கார்ப்பரேஷன் எல்லைக்குள்ள வந்தாச்சே!’ 2011-இல் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் எல்லாம் சேர்ந்து 72 வார்டுகள் 100 ஆயின. வரி கட்டுமிடம் மாறியது, மண்டலம் மாறவில்லை. மாநகராட்சியின் நடுவிலும் கட்டுப்பாடு உண்டு: மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கி.மீ.க்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்பதும் வெறும் பக்தி சம்பிரதாயமல்ல, அரசு விதி.

‘புது பிளான் வந்தா தானா குடியிருப்பாயிடும்’ என்ற நம்பிக்கையில் இன்று விவசாய நிலத்தை வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. அதற்கு உத்தரவாதம் இல்லை. பிளானின் வரைவு வெளியானதும் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது 2 மாதம் கிடைக்கும். உங்கள் சர்வே எண் எந்த நிறத்தில் இருக்கிறது, பக்கத்து வாய்க்கால் படத்தில் இருக்கிறதா என்று அப்போதே பார்த்து, எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள்.