0.29 எப்படி 28% ஆனது?

கேள்வி: கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். மதிப்பெண்ணைச் சதவீதமாக்கிக் காட்டும் சிறு நிரலைப் பைத்தானில் எழுதினேன். 0.30ஐ 100ஆல் பெருக்கி 'இன்ட்' கொடுத்தால் 30 என்று சரியாக வருகிறது. 0.29க்கு மட்டும் 28 என்கிறது. கணினி பெருக்கலில் தவறு செய்யுமா?

பதில்: பெருக்கலைக் குறை சொல்வதற்கில்லை. கணினிக்குள் போன எண்ணே 0.29 அல்ல.

கணினி எண்களை இரண்டடிமானத்தில் வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333... என்று முடிவில்லாமல் எழுதுகிறோம் அல்லவா? இரண்டடிமானத்தில் 0.29க்கும் அதே கதிதான். பைத்தான் 53 பிட்களோடு நிறுத்திக்கொள்வதால், உள்ளே இருப்பது 0.29ஐவிட மிக மிகச் சிறிதளவு குறைவான எண். 100ஆல் பெருக்கினால் 28.999999999999996 வருகிறது. 'இன்ட்' முழுமையாக்குவதில்லை, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிகிறது. மிஞ்சுவது 28. 0.01 முதல் 0.99 வரையுள்ள 99 எண்களில் 0.25, 0.50, 0.75 ஆகிய மூன்று மட்டுமே கணினிக்குள் துல்லியமாக அமர்கின்றன. 1985இல் வந்த ஐ.இ.இ.இ. 754 தரநிலையைப் பின்பற்றும் ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றிலும் இதுதான் நடக்கும்.

திரையில் காட்டுவது மட்டும்தான் நோக்கம் என்றால் 'ஃபார்மேட்' செயற்கூறுக்கு 0.29ஐயும் '.1%' என்ற வடிவத்தையும் கொடுங்கள். அதுவே 100ஆல் பெருக்கி, குறியும் சேர்த்து 29.0% என்று தரும். நீங்களும் முன்பே பெருக்கிவிட்டால் 2900.0% என்று வந்து நிற்கும். முழு எண்ணாகவே வேண்டுமானால் 'ரவுண்ட்' போதும். ஆனால் பைத்தான் 3இல் அது 12.5ஐ 12 ஆக்கும், 13.5ஐ 14 ஆக்கும். சரிபாதியில் நிற்கும் எண் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போய்விடும். பள்ளியில் படித்த முறை வேறு என்பதால் இதை மறக்க வேண்டாம்.

சி மொழியில் எழுதும்போது இன்னொரு குழி உண்டு: 29ஐ 100ஆல் வகுத்தால் விடை 0. இரண்டும் முழு எண்கள் என்பதால் பின்னம் தொலைந்துவிடும். 100.0ஆல் முதலில் பெருக்கிவிட்டு வகுங்கள்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது ஒன்று. சதவீதம் கண்ணுக்குக் காட்டுவதற்கு, முடிவெடுப்பதற்கு அல்ல. தேர்வு எழுத 75% வருகை வேண்டும் என்று வையுங்கள். 150 வகுப்புகளில் 112க்கு வந்தவரின் வருகை 74.67%. 'ரவுண்ட்' போட்டு ஒப்பிட்டால் அவர் 75% ஆகித் தேறிவிடுவார். 'இன்ட்' போட்டால் வேறு யாருக்காவது உரிய மதிப்பெண் ஒன்று குறையும். எனவே வந்த வகுப்புகளை 100ஆலும், மொத்த வகுப்புகளை 75ஆலும் பெருக்கி, இரண்டு முழு எண்களையும் நேராக ஒப்பிடுங்கள். இங்கே 11200, 11250. பின்னமே நுழையாததால் பிழைக்கும் இடமில்லை.

நிரலைத் திருத்தியதும் 0.29, 0.57, 0.58 மூன்றையும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.