டேங்க் துரு: எடுக்க ஒரு ராத்திரி, காப்பாத்த அரை மணி நேரம்

செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனதும் நிறைய பேருக்கு ஒரு ஆசை வரும். மாடிப்படிக்கு அடியில சாக்கு போர்த்தி நிக்கிற அப்பாவோட ஆர்எக்ஸ் 100-ஐயோ, மாமாவோட பழைய ஸ்ப்ளெண்டரையோ மறுபடி ஓட வைக்கணும். புது பிளக், புது ஆயில் போட்டு கிக் அடிச்சா வண்டி ஸ்டார்ட்டும் ஆகிடும். ஆனா தெருமுனை தாண்டினதும் நின்னுடும். கார்புரேட்டரைக் கழட்டி சுத்தம் பண்ணினா கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி நிக்கும். ஜெட்டை அடைக்கிற அந்தப் பழுப்புப் பொடி எங்கிருந்து வருதுன்னு தெரியணும்னா டேங்க்குக்குள்ள பாருங்க. துரு அங்கதான் இருக்கும்.

ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-லேயே நின்னுபோச்சு. அதனால இந்த டேங்க் ஓட்டையானா "புதுசு வாங்கிக்கலாம்"னு சுலபமா சொல்லிட முடியாது. பொறுமையா, சரியான வரிசையில செஞ்சா வீட்டிலேயே துருவை எடுத்துடலாம்.

துரு எப்படி வந்துச்சு?

பெட்ரோல் இரும்பைத் துருப்பிடிக்க வைக்காது. அதோட சேர்ந்து இருக்கிற தண்ணிதான் காரணம். டேங்க் மூடியில காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. பகல் வெயில்ல உள்ளே இருக்கிற காற்று விரிஞ்சு வெளியே போகும். ராத்திரி குளிர்ல சுருங்கும்போது வெளியே இருக்கிற ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் டேங்க்கின் உள்சுவர்ல துளியா படியும். பாதி காலியா நிக்கிற டேங்க்ல இது தினமும் நடக்கும்.

தண்ணி பெட்ரோலைவிடக் கனமானது. அதனால துளியெல்லாம் வழிஞ்சு டேங்க்கின் அடியில போய் உட்காரும். இப்போ விக்கிற ஈ20 பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கும். அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்கா பிரிஞ்சு அடியில இறங்கிடும்.

இனி நடக்கிறது முதல் வருஷ கெமிஸ்ட்ரில படிச்ச டிஃபரென்ஷியல் ஏரேஷன். தண்ணித் துளியோட ஓரத்துல ஆக்சிஜன் அதிகம், நடுவுல குறைவு. நடுப்பகுதி ஆனோடு ஆகி அங்கதான் இரும்பு கரையும். அதனால துரு ஒரே சீரா அரிக்காம, ஊசி குத்தின மாதிரி ஆழமா அரிக்கும். பழைய டேங்க் அடிப்பக்கத் தையல்லயே ஒழுகறதுக்குக் காரணம் இதுதான்.

முதல்ல ஆவியை வெளியேத்துங்க

இந்த வேலையில உயிருக்கு ஆபத்தான கட்டம் இதுதான். நிறைஞ்ச டேங்க்கைவிட காலி டேங்க்தான் பயங்கரம். காற்றுல பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்திருந்தா ஒரு பொறி போதும், வெடிச்சிடும். காலி டேங்க்குக்குள்ள அந்த அளவு சுலபமா அமைஞ்சுடும். ஆவி காற்றைவிடக் கனம், தரையோட தவழ்ந்து தள்ளியிருக்கிற அடுப்பு வரைக்கும் போகும்.

அதனால திறந்த வெளியில வச்சு வேலை பாருங்க. பக்கத்துல பீடி, சிகரெட், அடுப்பு, கிரைண்டர் எதுவும் கூடாது. பழைய பெட்ரோலை மூடி போட்ட கேன்ல பிடிச்சு ஒர்க்‌ஷாப்ல கொடுத்துடுங்க, சாக்கடையில ஊத்தாதீங்க. ஒழுகுற டேங்க்குக்கு நீங்களா வெல்டிங் வைக்கவே வைக்காதீங்க.

பெட்ரோல் டேப்பைக் கழட்டி எடுத்துடுங்க. அதுல இருக்கிற பித்தளையும் துத்தநாகக் கலவையும் ஆசிட்ல கெட்டுப்போகும். மூடியும் அப்படித்தான். டேப் இருந்த ஓட்டையை ரப்பர் ஷீட் வச்ச ஒரு தகடால அடைங்க.

அப்புறம் பாத்திரம் கழுவுற லிக்விடும் வெந்நீரும் ஊத்தி நல்லா குலுக்கிக் கொட்டுங்க. பெட்ரோல் வாசனை போற வரைக்கும் நாலஞ்சு தடவை செய்யணும். இதுல ரெண்டு பலன். ஆவி வெளியேறும். துரு மேல பிசினா ஒட்டியிருக்கிற பழைய பெட்ரோல் படலமும் போகும். அந்தப் படலம் இருந்தா எவ்வளவு ஆசிட் ஊத்தினாலும் துருவைத் தொடாது.

கடைசியா சுத்தமான தண்ணியை விளிம்பு வரை நிரப்பி, வெளிப்பக்கத்தைத் துடைச்சு, நியூஸ்பேப்பர் மேல அரை மணி நேரம் வைங்க. பேப்பர் நனைஞ்சா ஓட்டை இருக்கு, மேற்கொண்டு போகாம மெக்கானிக்கிட்ட காட்டுங்க. இப்போ நனையலேன்னாலும் ஒண்ணு மனசுல இருக்கட்டும்: சில ஓட்டையை அடைச்சு வச்சிருக்கிறதே துருதான். அதனால ஆசிட் வேலை முடிஞ்சதும் இதே சோதனையை இன்னொரு தடவை செய்யணும்.

ராத்திரி வேலை

செதிலா உரியற துரு நிறைய இருந்தா, ஒரு கைப்பிடி இரும்பு நட்டும் கொஞ்சம் தண்ணியும் போட்டுக் குலுக்குங்க. உள்ளே 20 போட்டா 20-ம் வெளியே வரணும், எண்ணிப் பாருங்க. ஜல்லி வேண்டாம், உடைஞ்ச தூள் உள்ளேயே தங்கிடும்.

அடுத்தது ஆசிட். பாத்ரூம் கழுவுற ஆசிட் வேகமா வேலை செய்யும்னு சொல்வாங்க. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். துருவோட நல்ல இரும்பையும் அதே வேகத்துல தின்னும், மிச்சமாகிற குளோரைடு மறுபடி துருவை வரவழைக்கும். நமக்கு வேண்டியது சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில எலுமிச்சை உப்புன்னு கேளுங்க. இது துருவைக் கரைக்கறதோட, கரைஞ்ச இரும்பைப் பிடிச்சுத் தண்ணியிலேயே வச்சுக்கும்.

லிட்டருக்கு 60 கிராம் கணக்கு. 10 லிட்டர் டேங்க்குக்கு 600 கிராம். வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு விளிம்பு வரை ஊத்துங்க, மேல்கூரையிலயும் துரு இருக்கும். கையில கிளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பெயின்ட் மேல சிந்தினா உடனே துடைங்க. வாயை இறுக்கி மூடாதீங்க. ஆசிட் இரும்போட சேரும்போது ஹைட்ரஜன் வரும், அது வெளியே போகணும்.

12 மணி நேரம் பொதுவா போதும். நடுநடுவுல பாருங்க. உள்ளே சாம்பல் நிற உலோகம் தெரிஞ்சதும் நிறுத்திடணும். அதுக்கு மேல விட்டா ஆசிட் துருவை விட்டுட்டு டேங்க்கைத் தின்ன ஆரம்பிக்கும்.

முக்கியமான அரை மணி நேரம்

நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான். ஆசிட்டைக் கொட்டினதும் இரும்பு மேல எந்தப் பாதுகாப்பும் இருக்காது. ஈரத்தோட விட்டா சில நிமிஷத்துலயே ஆரஞ்சு நிறத்துல புதுத் துரு பூக்கும். அதனால ஆசிட்டைக் கொட்டறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பக்கத்துல எடுத்து வச்சுக்குங்க.

1. ஆசிட்டைக் கொட்டி ஒரு தடவை தண்ணியில அலசுங்க.
2. ரெண்டு கைப்பிடி ஆப்ப சோடாவைத் தண்ணியில கரைச்சு ஊத்திக் குலுக்குங்க. மிச்ச ஆசிட் நுரைச்சு அடங்கும். நுரைக்கும்போது வாயை மூடாதீங்க.
3. டேப் ஓட்டை, மூடி ஓட்டை ரெண்டு பக்கமும் தண்ணி ஓடவிட்டு அலசுங்க. அந்தத் தண்ணியிலேயே ஒழுகல் சோதனையையும் சட்டுனு முடிச்சிடுங்க. வெளிப்பக்கம் ஈரம் கசியுதான்னு ரெண்டு நிமிஷம் பார்த்தா போதும்.
4. கடைசி அலசல் நல்ல வெந்நீர்ல. தகடு சூடாயிட்டா ஈரம் தானா காயும்.
5. உடனே ஹேர் டிரையரால உள்ளே காற்று விடுங்க. டேங்க்கைத் திருப்பித் திருப்பி வைங்க. துளி பெட்ரோல் வாசனை இருந்தாலும் ஹேர் டிரையர் கூடாது, உள்ளே இருக்கிறது சூடான கம்பி. உச்சி வெயில் போதும்.
6. காஞ்ச நிமிஷமே 50 மில்லி 2டி ஆயில் ஊத்தி எல்லாப் பக்கமும் படுற மாதிரி உருட்டுங்க. உள்ளே எபாக்ஸி லைனர் பூசப்போறீங்கன்னா இந்த ஆயில் வேண்டாம், லைனர் ஒட்டாது.

மாட்டும்போது பெட்ரோல் டியூபையும் ஃபில்டரையும் புதுசா போடுங்க. உள்ளே தெரியற பிளாஸ்டிக் ஃபில்டரா வாங்கினா முதல் 50 கிலோமீட்டர்ல பழுப்புப் பொடி வருதான்னு கண்ணாலயே பார்த்துக்கலாம். கார்புரேட்டரை இன்னொரு தடவை சுத்தம் பண்ண மறக்காதீங்க.

மறுபடி காலேஜ் கிளம்பும்போது

ஒண்ணு ரெண்டு மாசத்துல திரும்பி வருவீங்கன்னா டேங்க்கை முழுசா நிரப்பிட்டுப் போங்க. காற்றுக்கு இடமில்லேன்னா ஈரத்துக்கும் இடமில்லை. அதுக்கு மேல ஆகும்னா ஈ20-ஐ நம்பி வைக்க வேண்டாம். டேங்க்கையும் கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தையும் முழுசா வடிச்சு, டேங்க்குக்குள்ள ஆயில் உருட்டி, வண்டியை நிழல்ல நிறுத்திட்டு வாங்க. அடுத்த லீவுல பெட்ரோலை ஊத்தி கிக் அடிச்சா போதும்.